இணைவு மின்சாரம்: அரசும் தனியாரும் சேர்ந்து போடும் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுக்கரு இணைவைப் பற்றி மாதம் ஒரு செய்தியாவது வந்துவிடுகிறது. 'சாதனை', 'திருப்புமுனை' என்ற சொற்களை நீக்கிவிட்டுப் படித்தால் அவற்றில் பெரும்பாலும் மிஞ்சுவது பண விவரம்தான்: யார் போட்டார்கள், எவ்வளவு, எதை நம்பி. இந்தப் பக்கம் அந்தப் பணத்தின் பின்னால் போகிறது. அமெரிக்க அரசும் அங்குள்ள தனியார் நிறுவனங்களும் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுதான் இதன் மையம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில் பிரிட்டனும் சீனாவும் இந்தியாவும் வரும்.

இணைவு மின்சாரம் இப்போது எங்காவது கிடைக்கிறதா?

இல்லை. உலகத்தில் எந்த வீட்டிலும் ஒரு பல்புகூட அதில் எரியவில்லை. கீழே வரும் எல்லாவற்றையும் இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கூடங்குளத்தில் நடப்பதும் இதுவும் ஒன்றுதானா?

நேர் எதிர். கூடங்குளத்தில் யுரேனியத்தின் கனமான அணுக்கரு பிளக்கிறது. இங்கே ஹைட்ரஜனின் இரண்டு வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்து ஹீலியமாகின்றன. கூடவே ஒரு நியூட்ரான் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு அந்த நியூட்ரானோடு போய்விடும். அதை ஒரு தடித்த சுவரில் நிறுத்தி, வெப்பமாக மாற்றி, தண்ணீரை ஆவியாக்கி, டர்பைனைச் சுற்ற வைக்க வேண்டும். கடைசி இரண்டு வேலைகள் மட்டும் எல்லா அனல்மின் நிலையங்களுக்கும் பொது.

இரண்டு கருக்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை. நெருங்கினால் ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி மோத வைக்க 10 கோடி டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் கிடையாது என்பதால், டோகமாக் என்ற வளைய வடிவக் கருவிக்குள் பிளாஸ்மாவை, அதாவது அந்தச் சூட்டில் மின்னூட்டம் பெற்ற வாயுவை, காந்தப்புலத்தால் சுவரில் படாமல் அந்தரத்தில் பிடித்து வைக்கிறார்கள். பிளவு உலையில் கவலை, வினை நிற்காமல் போய்விடுமோ என்பது. இங்கே கவலை, நின்றுவிடுமோ என்பது.

2022 டிசம்பரில் 'போட்டதைவிட அதிகம் கிடைத்தது' என்றார்களே?

கிடைத்தது உண்மைதான். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஒளி ஒரு சிறு எரிபொருள் குளிகையைத் தாக்கியது; 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளிப்பட்டது. ஆனால் அந்த லேசரை ஒருமுறை சுடுவதற்கு மின்கம்பியிலிருந்து எடுத்தது ஏறக்குறைய 300 மெகாஜூல். சமையலறைக் கணக்கில் சொன்னால், அடுப்பில் வைத்த அரிசிக்கும் இறக்கிய சோற்றுக்கும் மட்டும் கணக்குப் பார்த்து, எரிந்த விறகை விட்டுவிட்ட கதை. இயற்பியலாக அது பெரிய நாள். மின்நிலையமாக அது இன்னும் நெடுந்தூரம். அந்த ஆய்வகத்தின் முதன்மை வேலை அமெரிக்க அணு ஆயுதங்களைப் பரிசோதனை வெடிப்பு இல்லாமல் பராமரிக்க உதவுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காந்த வழியில் மொத்த ஆற்றலுக்கான பெரிய எண், இங்கிலாந்தின் கல்ஹாம் ஊரில் இருந்த ஜெட் உலையுடையது. 2023 அக்டோபரில் ஐந்து விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் 69 மெகாஜூல் தந்தது. எரிந்த எரிபொருள் 0.2 மில்லிகிராம். இரண்டு மாதம் கழித்து, நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின், அதை மூடிவிட்டார்கள்.

இத்தனை காலம் அரசு செய்த வேலையில் தனியார் எப்படி நுழைந்தார்கள்?

இதற்கு ஒரு ஊர்க்கதையே உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆல்கேட்டர் சி-மாட் என்ற டோகமாக் 1993 முதல் ஓடியது. அளவில் சிறியது, காந்தப்புலத்தில் வலியது. ஒன்றிய அரசு அதற்கான நிதியை நிறுத்த முடிவெடுத்தது. 2016 செப்டம்பர் 30, கடைசி நாள். அன்றைய சோதனையில் பிளாஸ்மா அழுத்தம் 2.05 வளிமண்டலத்தைத் தொட்டு உலக சாதனையானது. மறுநாள் அந்தக் கருவிக்கு வேலை இல்லை.

அங்கே இருந்தவர்களிடம் ஒரு யோசனை மிச்சம் இருந்தது. 1986-இல் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் கண்டுபிடித்த உயர்வெப்பநிலை மீகடத்திகள் (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருட்கள்) நீண்ட காலம் ஆய்வகப் பொருளாகவே கிடந்தன. 2010-களில் அவை கிலோமீட்டர் கணக்கில் நாடாவாகக் கடையில் கிடைக்கத் தொடங்கின. அந்த நாடாவைச் சுற்றி வலிய காந்தம் செய்யலாம். டோகமாக்கில் காந்தப்புலத்தை இரட்டித்தால், அதே கன அளவு பிளாஸ்மா தரும் இணைவுத் திறன் பதினாறு மடங்கு வரை உயரும். அப்படியானால் உலையைச் சிறிதாகக் கட்டலாம். சிறிதாகக் கட்டினால் ஒரு நிறுவனத்தின் பணப்பைக்குள் அடங்கும். டென்னிஸ் வைட் என்ற பேராசிரியரின் வடிவமைப்பு வகுப்பில் மாணவர்கள் போட்டுப் பார்த்த கணக்குதான் பின்னர் ஆர்க் என்ற மின்நிலைய வரைவாக வளர்ந்தது.

2018-இல் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் பிறந்தது. இத்தாலியின் எண்ணெய் நிறுவனமான எனி முதலில் 5 கோடி டாலர் போட்டது. 2021 செப்டம்பர் 5 அன்று எம்ஐடியும் இந்நிறுவனமும் சேர்ந்து செய்த காந்தம், காந்தப்புல அளவில் 20 டெஸ்லாவைத் தொட்டது; அதில் சுற்றியிருந்த மீகடத்தி நாடா 267 கிலோமீட்டர். அந்த ஆண்டு முடிவதற்குள் 180 கோடி டாலருக்கு மேல் முதலீடு வந்து விழுந்தது. 2025 ஆகஸ்டில் இன்னொரு 86 கோடி. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 300 கோடி டாலர்.

அரசு கைவிட்ட இடத்தில் தனியார் முளைத்தது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. சி-மாட் இருபத்து மூன்று ஆண்டு ஓடியது வரிப்பணத்தில். அந்த மாணவர்கள் படித்ததும் அதில்தான். விதைத்தவர் ஒருவர், அறுவடைக்கு வண்டி கொண்டுவந்தவர் வேறொருவர்.

பிரான்சில் ஏழு தரப்புகள் சேர்ந்து ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

ஈட்டர் திட்டத்தைக் கேட்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென் கொரியா, இந்தியா ஆகியவை 2006 நவம்பரில் கையெழுத்திட்டன. 50 மெகாவாட் சூடேற்றலுக்கு 500 மெகாவாட் இணைவுத் திறன் எடுப்பது இலக்கு. தொடக்கத்தில் 2016-இல் முதல் பிளாஸ்மா என்றார்கள்; பிறகு 2025 என்றார்கள்; 2024-இல் வெளியிட்ட புதிய அட்டவணைப்படி ஆய்வுப் பணி 2034-இலும், டியூட்டீரியம்–டிரிட்டியம் எரிப்பு 2039-இலும் தொடங்கும். பெட்டிக்கடையில் தொங்கும் 'இன்று ரொக்கம், நாளை கடன்' பலகையில் உள்ள நாளையைப் போல.

அதைக் கேலி செய்வது எளிது. ஒரே உலையின் உறுப்புகளை ஏழு தரப்புகள் தங்கள் தங்கள் தொழிற்சாலைகளில் செய்து அனுப்பினால், ஒன்று தாமதித்தால் எல்லாம் தாமதிக்கும். ஆனால் அப்படிப் பங்கு போட்டதால்தான் இத்தனை நாடுகளில் இந்த உறுப்புகளைச் செய்யத் தெரிந்த ஆலைகள் உருவாயின. ஈட்டர் எவ்வளவு வெற்றி பெற்றாலும் மின்கட்டமைப்புக்கு ஒரு யூனிட்கூடத் தராது. அது சோதனை உலை. மின்சாரம் வேண்டுமானால் அதற்கு அடுத்ததாக வேறொன்று கட்ட வேண்டும். தனியார் நிறுவனங்கள் சொல்வது: அவ்வளவு நாள் காத்திருக்க எங்கள் முதலீட்டாளர்களுக்குப் பொறுமை இல்லை.

அமெரிக்காவின் 'மைல்கல்' திட்டம் எப்படி வேலை செய்கிறது?

வீட்டுக்கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்கு உடனே புரியும். வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தருவதில்லை. அடித்தளம் முடிந்ததா, லிண்டல் மட்டம் வந்ததா, கூரை போட்டாயிற்றா என்று பொறியாளர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. அமெரிக்க எரிசக்தித் துறையின் திட்டமும் அப்படித்தான். நிறுவனம் எந்த மாதத்தில் எதைச் செய்து காட்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுகிறார்கள். நிறுவனம் தன் பணத்தில் அதைச் செய்கிறது. வெளியிலிருந்து வரும் வல்லுநர்கள் சரிபார்த்து, முடிந்தது என்று ஒப்புக்கொண்டால் அரசு குறித்த தொகையைத் தருகிறது. முடியாவிட்டால் ஒரு காசும் கிடையாது. வீட்டுக்கடனிலிருந்து ஒரே வேறுபாடு, இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

2020-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தில் இதற்கு வழி வைத்தார்கள். 2022 மார்ச்சில் வெள்ளை மாளிகை ஒரு மாநாடு கூட்டி, பத்தாண்டுக்குள் வணிக இணைவு என்ற நோக்கத்தை அறிவித்தது. 2023 மே இறுதியில் எட்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, முதல் 18 மாதங்களுக்கு மொத்தம் 4.6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதன்பின் ஒப்பந்த வாசகங்களைப் பேசி முடிக்க ஒரு வருடம் ஆயிற்று. 2024 ஜூனில்தான் கையெழுத்துகள் முடிந்தன என்று அறிவித்தார்கள். பதினெட்டு மாத வேலைக்குப் பன்னிரண்டு மாதப் பேச்சு. இணைவைவிட வழக்கறிஞர்களைச் சூடேற்றுவது கடினம் போலும்.

அந்த எட்டு யார்?

காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ், டோகமாக் எனர்ஜி இரண்டும் டோகமாக் வழி. டைப் ஒன் எனர்ஜி, இப்போது தியா எனர்ஜி என்று அழைக்கப்படும் பிரின்ஸ்டன் ஸ்டெல்லரேட்டர்ஸ் இரண்டும் முறுக்கிய காந்த வளைய வழி. ஃபோகஸ்டு எனர்ஜி, எக்ஸைமர் இரண்டும் லேசர். ரியால்டா காந்தக் கண்ணாடி என்ற பழைய முறையைப் புதுப்பிக்கிறது. ஜாப் எனர்ஜி வெளிக்காந்தச் சுருள் இல்லாமல், பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்னோட்டம் பாய்ச்சி அதை நெருக்குகிறது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கவில்லை. பரவலாகப் பேசப்படும் ஹீலியன் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தப் பட்டியலில் இல்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

விண்வெளியிலிருந்து. 2006-இல் நாசா, விண்வெளி நிலையத்துக்குச் சரக்குக் கொண்டுபோகும் ராக்கெட்டைத் தானே வடிவமைக்காமல் தனியாரிடம் விட்டது. பணம் மைல்கல் வாரியாக. முதலில் தேர்வானவை ஸ்பேஸ்எக்ஸ், ராக்கெட்பிளேன் கிஸ்லர் என்ற இரண்டு நிறுவனங்கள். இரண்டாவது நிறுவனம் சந்தையில் திரட்டித் தருவதாகச் சொன்ன பணத்தைத் திரட்ட முடியவில்லை. 2007-இல் நாசா அதை வெளியேற்றி, மிச்சத் தொகையோடு புதிய போட்டி நடத்தி, 2008-இல் ஆர்பிட்டல் சயின்சஸைச் சேர்த்துக்கொண்டது. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் 2012 மே மாதம் நிலையத்தை அடைந்தது. ஆர்பிட்டலின் சிக்னஸ் 2013-இல்.

எல்லோரும் ஸ்பேஸ்எக்ஸ் வென்ற கதையைச் சொல்கிறார்கள். திட்டத்தின் பலம் தெரிவது கிஸ்லரை வெளியேற்றிய கதையில். தோற்றவரை நேரத்தோடு நிறுத்த அரசுக்குத் துணிவு இருந்தது.

ஒப்புமை முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2006-இல் ராக்கெட் பறக்குமா என்று எவரும் கேட்கவில்லை; ஐம்பது ஆண்டாகப் பறந்துகொண்டிருந்தது. கேள்வி, மலிவாகப் பறக்குமா என்பதுதான். இணைவில் இன்னும் முதல் கேள்வியே முடியவில்லை.

300 கோடி டாலர் திரட்டிய நிறுவனத்துக்கு அரசு தரும் இந்தச் சில்லறை எதற்கு?

முத்திரைக்கு. ஒரு நிறுவனம் 'எங்கள் காந்தம் வேலை செய்கிறது' என்று சொன்னால் முதலீட்டாளருக்கு அதைச் சரிபார்க்கத் தெரியாது. தேசிய ஆய்வக வல்லுநர்கள் பார்த்து 'ஆம்' என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு வருகிறது. 2023 மே முதல் 2024 ஜூன் வரை இந்த எட்டு நிறுவனங்களும் சேர்ந்து 35 கோடி டாலருக்கு மேல் புதிய தனியார் பணம் திரட்டின என்று எரிசக்தித் துறையே கணக்குச் சொன்னது. அரசு ஒதுக்கியதோடு ஒப்பிட்டால் ஏழு மடங்குக்கும் மேல். அதில் எவ்வளவு முத்திரையால் வந்தது, எவ்வளவு எப்படியும் வந்திருக்கும் என்று பிரிக்க வழியில்லை; பெருமையைப் பாதியாக்கிப் படிப்பது நல்லது.

சிறிய நிறுவனங்களுக்கு வேறொரு கதவும் இருக்கிறது. 2019-இல் தொடங்கிய இன்ஃப்யூஸ் திட்டத்தில் நிறுவனத்துக்குப் பணமே வராது. ஓக் ரிட்ஜ், பிரின்ஸ்டன் போன்ற ஆய்வகங்களின் கருவிகளையும் ஆட்களையும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை கிடைக்கும். செலவில் ஐந்தில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்க வேண்டும். எனக்கு இதுதான் பிடித்த ஏற்பாடு. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் கோடிக்கணக்கில் போட்டு ஒரு நியூட்ரான் சோதனைக்கூடம் கட்ட முடியாது, கட்டவும் தேவையில்லை.

லாபம் தனியாருக்கு, நட்டம் அரசுக்கு என்று முடிந்துவிடாதா?

மைல்கல் தவணைகளில் அந்த ஆபத்து குறைவு. செய்யாத வேலைக்குக் கூலி இல்லை. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, கண்ணுக்குத் தெரியாத மானியம். பிளாஸ்மாவைக் கணிக்கும் கணினி நிரல்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், ஜெட், சி-மாட் போன்ற உலைகளின் அளவீடுகள் எல்லாம் எழுபது ஆண்டு வரிப்பணம். அதற்கு விலைப்பட்டியல் எவரும் போடவில்லை.

இரண்டு, வேலைப் பங்கீடு. முதலீட்டாளருக்குக் காட்ட எளிதான வேலையைத் தனியார் எடுத்துக்கொள்வார்கள்: காந்தம், வெப்பநிலை, பளிச்சென்று ஒரு படம். இருபது ஆண்டு நியூட்ரான் அடி வாங்கினால் எஃகு என்னவாகும் என்று பார்க்கும் வேலைக்கு யாரும் முதலீடு செய்ய வரமாட்டார்கள். அது அரசின் தலையில்தான் விழும். விழுவதில் தவறில்லை, ஆனால் அரசுப் பட்ஜெட்டும் தனியார் வேலைகளின் பின்னாலேயே ஓடினால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். 2025 ஜனவரியில் எரிசக்தித் துறை 10.7 கோடி டாலரை ஆறு கூட்டு ஆய்வுக் குழுக்களுக்கு அறிவித்தது. இப்படி நிறுவனங்களுக்கும் அடிப்படை ஆய்வுக்கும் இடையே விழும் பள்ளத்தை நிரப்புவதே அதன் நோக்கம்.

பிரிட்டனும் இதே வழிதானா?

அங்கே அரசே வீட்டுக்காரர். நாட்டிங்காம்ஷயரில் வெஸ்ட் பர்ட்டன் என்ற பழைய நிலக்கரி மின்நிலைய இடத்தை 2022 அக்டோபரில் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டெப் என்ற முன்மாதிரி மின்நிலையம் 2040 வாக்கில் அங்கே ஓட வேண்டும். உலைக்கு உரிமையாளர் அரசு. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் தனியார் பங்காளிகள். 2025 ஜூனில் ஐந்து ஆண்டுகளுக்கு 250 கோடி பவுண்டு இணைவுக்கென்று ஒதுக்கினார்கள். நிலக்கரி நின்றுபோன ஊருக்கு வேலை வரும் என்பது அங்கே அறிவியலுக்கு இணையான காரணம். மின்தொடரமைப்புக் கம்பிகள் ஏற்கெனவே வாசலில் நிற்கின்றன என்பது இன்னொரு காரணம். அமெரிக்காவிலும் டைப் ஒன் எனர்ஜி, ஒன்றிய அரசுக்குச் சொந்தமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தோடு சேர்ந்து, மூடப்பட்ட புல் ரன் நிலக்கரி நிலையத்தைத்தான் குறிவைத்திருக்கிறது.

இரண்டு வழியும் சந்திக்கும் இடமும் உண்டு. பிரிட்டிஷ் நிறுவனமான டோகமாக் எனர்ஜியின் எஸ்டி40 உலையை மேம்படுத்த அமெரிக்க அரசு, பிரிட்டிஷ் அரசு, நிறுவனம் மூவரும் சேர்ந்து 5.2 கோடி டாலர் போடுவதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

உரிமம், பாதுகாப்பு விதிகள்?

2023 ஏப்ரலில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒருமனதாக முடிவெடுத்தது: இணைவு நிலையங்களைப் பிளவு உலைகளைப் போல அல்லாமல், துகள் முடுக்கிகளை நடத்தும் விதிகளின் கீழ் வைப்பது. அதே ஆண்டு பிரிட்டனும் தன் எரிசக்திச் சட்டத்தில் இணைவை அணு உலை உரிம முறையிலிருந்து விலக்கியது. பணத்தைவிட இந்த முடிவு நிறுவனங்களுக்குப் பெரிய உதவி என்பது என் எண்ணம். உலை உருகும் விபத்து இதில் நடக்க வழியில்லை என்பதால் முடிவு நியாயமானதே. ஆனால் கதிர்வீச்சே இல்லை என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். நியூட்ரான் பட்ட உலோகமும் கதிரியக்கம் பெறும்.

இல்லாத மின்சாரத்தைக் கூகுளும் மைக்ரோசாஃப்டும் எப்படி வாங்கின?

பிறக்காத கன்றின் பாலுக்கு முன்பணம் என்று சிரிக்கத் தோன்றும். பெரும்பாலும் முன்பணம்கூட இல்லை. 'கறந்தால் வாங்கிக்கொள்கிறேன்' என்ற வாக்குறுதி. 2023 மே மாதம் ஹீலியன், 2028 முதல் குறைந்தது 50 மெகாவாட் தருவதாக மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் செய்தது. 2025 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் மலாகாவில் கட்டுமானப் பணியைத் தொடங்கியது. காமன்வெல்த் நிறுவனம் வர்ஜீனியாவின் செஸ்டர்ஃபீல்டு மாவட்டத்தில் 2030-களின் தொடக்கத்தில் கட்டப்போகும் 400 மெகாவாட் ஆர்க் நிலையத்தில் பாதியை, 200 மெகாவாட்டை, கூகுள் 2025 ஜூனில் பேசி வைத்துக்கொண்டது. கூகுள் அந்நிறுவனத்தில் முதலீட்டாளரும்கூட. கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரே என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

இருந்தாலும் வெறும் நாடகம் என்று தள்ளிவிட முடியாது. மின்நிலையம் கட்டக் கடன் கேட்டால் வங்கி கேட்கும் முதல் காகிதம், வாங்குபவரின் ஒப்பந்தம்தான்.

டிரிட்டியம் எங்கிருந்து வரும்?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டியூட்டீரியம் பிரச்சினை இல்லை. ஒரு கன மீட்டர் கடல்நீரில் 33 கிராம் இருக்கிறது. டிரிட்டியம் அப்படியல்ல. அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு, ஆகவே இயற்கையில் சேர்ந்து கிடக்காது. கனநீர் அணு உலைகளில் துணை விளைவாக உண்டாகிறது; வணிகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாண உலைகளிலிருந்து. கல்பாக்கத்தின் இரண்டு பழைய உலைகளும் கனநீர்க் குடும்பம்தான். உலகின் வணிகக் கையிருப்பு ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ. ஒரு கிராம் 30,000 டாலர் அளவில் விலை போகிறது.

இனிக் கணக்கு: 1000 மெகாவாட் இணைவு வெப்பம் தரும் உலை ஓர் ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறக்குறைய 55 கிலோ டிரிட்டியத்தை எரிக்கும். கையிருப்பு முழுவதையும் கொட்டினாலும் ஒரு நிலையம் ஆண்டுப் பாதியில் பட்டினி.

எனவே உலையே தன் சாப்பாட்டைச் சமைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்மாவைச் சுற்றி லித்தியம் கொண்ட போர்வை ஒன்றைப் போர்த்துகிறார்கள். பறந்து வரும் நியூட்ரான் லித்தியத்தைத் தாக்கினால் டிரிட்டியம் பிறக்கும். ஒரு நியூட்ரானுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகவே பிறக்க வேண்டும், ஏனென்றால் வழியில் இழப்பு உண்டு. இயற்கை லித்தியத்தில் இதற்கு மிகவும் உகந்த லித்தியம்-6 வெறும் 7.5 சதவீதம், அதைச் செறிவூட்ட வேண்டும். பிறந்த டிரிட்டியம் உலோகத்துக்குள் ஊடுருவி ஒளிந்துகொள்ளும் குணமுடையது. பிடித்து, தூய்மையாக்கி, சில மணி நேரத்துக்குள் மீண்டும் உலைக்குள் அனுப்ப வேண்டும். இந்த முழுச் சுற்றையும் எந்த இணைவு உலையும் இதுவரை நடத்திக் காட்டவில்லை. ஈட்டர்கூட சோதனைத் துண்டுகளை மட்டுமே பொருத்திப் பார்க்கும்.

அரசு–தனியார் கூட்டு மிகவும் தேவைப்படுவது இங்கேதான் என்பேன். டிரிட்டியத்தைக் கையாளும் உரிமமும் அனுபவமும் அரசு ஆய்வகங்களிடம் இருக்கின்றன; வேகமும் அவசரமும் நிறுவனங்களிடம். ஜப்பானின் கியோட்டோ ஃப்யூஷனீரிங், கனடிய அணு ஆய்வகங்களோடு கூட்டு நிறுவனம் தொடங்கி, சாக் ரிவரில் எரிபொருள் சுற்றுக்கான சோதனை நிலையம் அமைக்கிறது. எனி நிறுவனம் பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத்தோடு சேர்ந்து கல்ஹாமில் டிரிட்டிய வசதி ஒன்றைக் கட்டுகிறது. 20 டெஸ்லா காந்தத்தைப் போல இவை தலைப்புச் செய்தி ஆவதில்லை.

நிறுவனம் பாதியில் நின்றுபோனால்?

நிற்கும்; சில கட்டாயம் நிற்கும். 2025 நடுப்பகுதி நிலவரப்படி 53 நிறுவனங்கள் சேர்ந்து ஏறக்குறைய 980 கோடி டாலர் திரட்டியிருந்தன, ஆனால் அதில் பெரும்பகுதி நான்கைந்து பெயர்களிடம் குவிந்திருக்கிறது. கனடாவின் ஜெனரல் ஃப்யூஷன் 2021-இல் பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத்தோடு சேர்ந்து கல்ஹாமில் செயல்விளக்க உலை கட்டப்போவதாக அறிவித்தது. பின்னர் திட்டத்தை மாற்றிக்கொண்டு தாய்நாட்டிலேயே சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்தது. 2025 மே மாதம் பணம் போதாமல் ஊழியர்களில் கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டு, முதலீட்டாளர்களுக்கு வெளிப்படையாகக் கோரிக்கை விடுத்தது. சில மாதத்தில் 2.2 கோடி டாலர் கிடைத்து மூச்சு வந்தது.

சீனா?

அங்கே 'தனியார்' என்ற சொல்லுக்கே வேறு பொருள். 2025 ஜூலையில் ஷாங்காயில் 1500 கோடி யுவான் மூலதனத்தோடு இணைவு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். பங்குதாரர்கள் அரசு நிறுவனங்கள். ஹெஃபெய் நகரில் பெஸ்ட் என்ற உலை வேகமாக எழுகிறது. அமெரிக்க நிறுவனங்கள் நாடாளுமன்றத்தில் கூடுதல் நிதி கேட்கும்போது சீனாவின் வேகத்தைச் சுட்டிக்காட்டுகின்றன.

இந்தியாவின் இடம் எது?

ஈட்டரில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. உலை முழுவதையும் மூடும் 3850 டன் எஃகுக் குளிர்காப்புக் கலனை லார்சன் அண்ட் டூப்ரோ குஜராத்தின் ஹசீராவில் செய்து அனுப்பியது. அரசு ஒப்பந்தம், தனியார் பட்டறை: இதுவும் ஒரு கூட்டுதான். காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் 1989-இலேயே ஆதித்யா டோகமாக்கை ஓட்டியது. கையில் திறன் இருக்கிறது. மைல்கல் வாரியாகப் பணம் தரும் பெரிய திட்டம்தான் இல்லை.

இந்த நிறுவனங்களின் பங்குகளை வாங்கலாமா?

இதுவரை பெரும்பாலானவை பங்குச் சந்தையில் இல்லை. 'இணைவு மின்சாரத்தில் முதலீடு செய்யுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அழைத்தால் எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

சரி, எப்போது வரும்?

காமன்வெல்த் நிறுவனத்தின் ஸ்பார்க் உலை மாசசூசெட்ஸின் டெவன்ஸில் எழுந்துகொண்டிருக்கிறது. சூடேற்றியதைவிட அதிக ஆற்றலை 2027-இல் எடுத்துக்காட்டுவோம் என்கிறார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2021 அறிக்கை, முன்னோடி மின்நிலையத்துக்கு 2035 முதல் 2040 வரை என்று காலம் குறித்தது. பிரிட்டன் 2040. நான் பந்தயம் கட்ட வேண்டுமென்றால் அறிக்கையின் பின்பகுதியில் கட்டுவேன், அதுவும் சிறு தொகை.

அடுத்த 'சாதனை' செய்தி வரும்போது என்ன கேட்டுப் பார்ப்பது?

போட்ட ஆற்றலை எங்கிருந்து கணக்கிட்டார்கள், பிளாஸ்மாவிலிருந்தா மின்கம்பியிலிருந்தா என்று முதலில் பாருங்கள். எத்தனை விநாடி நீடித்தது என்பது அடுத்தது. பிறகு, பயன்படுத்திய டிரிட்டியம் எங்கே பிறந்தது என்று தேடுங்கள். பல செய்திகளில் டிரிட்டியமே இருக்காது, வெறும் டியூட்டீரியத்தில் செய்த சோதனையாக இருக்கும். இருக்கும் செய்திகளில் இதுவரை அது வந்தது கனநீர் உலையிலிருந்தோ ஆயுதத் திட்டக் கையிருப்பிலிருந்தோதான்.